லாகவுட் என்னும் சடங்கு: கிளஸ்டர் டோக்கன் ஸ்கிரிப்டுகள் பற்றி ஒரு விமர்சனம்

கன்டெய்னர் கிளஸ்டர்களோடு வேலை பார்க்கிற எந்த டீமை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும். யார் எழுதியது என்று யாருக்கும் நினைவிருக்காது. எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அது செய்வது இவ்வளவுதான்: டோக்கனை எடுத்து, சர்வர் முகவரியோடு சேர்த்து, டெவலப்மென்ட், ஸ்டேஜிங், புரொடக்ஷன் என்று ஒவ்வொரு கிளஸ்டராக நுழையும். வேலையை முடிக்கும். கடைசி வரியில் லாகவுட் என்று எழுதியிருக்கும். நாகப்பட்டினத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி வெளியூர் டீம்களுக்கு வேலை பார்த்ததில் இந்த ஸ்கிரிப்டின் பல அவதாரங்களைப் பார்த்துவிட்டேன். கவிதைத் தொகுப்புக்கு விமர்சனம் எழுதலாம் என்றால், தினமும் நூறு தடவை ஓடுகிற ஸ்கிரிப்டுக்கும் எழுதலாம்தானே?

என் குற்றச்சாட்டு ஒன்றுதான். இவற்றில் லாகின் பகுதியில்தான் பொறியியல் இருக்கிறது. லாகவுட் பகுதி வெறும் சடங்கு.

முதலில் லாகின். ஓப்பன்ஷிஃப்ட் பயன்படுத்துபவர்களுக்கு 'ஓசி' என்ற கட்டளை தெரியும். (தமிழில் இந்தப் பெயரைக் கேட்டு சிரிக்காத ஜூனியர் இன்னும் பிறக்கவில்லை.) வெப் கன்சோலில் வலது மூலையில் உங்கள் பெயரைச் சொடுக்கினால் 'லாகின் கட்டளையை நகலெடு' என்று ஒரு வசதி வரும். அது டோக்கனையும் சர்வர் முகவரியையும் சேர்த்து ஒரே வரியாகக் கொடுக்கும். டெர்மினலில் ஒட்டினால் உள்ளே போயாச்சு. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதும் இதே வரிதான். கட்டளை வரியில் எழுதிய டோக்கன் ஷெல் ஹிஸ்டரியில் பதிந்துவிடும். சாதாரண லினக்ஸ் அமைப்பில் அதே கணினியில் இருக்கிற வேறு யூசர்கூட, கட்டளை ஓடுகிற நேரத்தில் புராசஸ் பட்டியலைப் பார்த்து அதைப் படித்துவிடலாம். ஸ்கிரிப்ட் எழுதுபவர் இந்த வரியைத்தான் அப்படியே எடுத்து, டோக்கன் இருந்த இடத்தில் ஒரு மாறியை வைக்கிறார். மாறி விரிந்தபின் அதுவும் அதே பட்டியலில்தான் நிற்கும். கியூப்கான்ஃபிக் கோப்பில் டோக்கனுக்குப் பதிலாக டோக்கன் இருக்கும் கோப்பின் பாதையைக் கொடுக்க வழி உண்டு. அதைப் பயன்படுத்திய ஸ்கிரிப்ட் அபூர்வம்.

சரி, லாகவுட்டுக்கு வருவோம். நான் பார்த்தவரை இதைச் சரியாக யோசித்தவர்கள் குறைவு.

'வெளியேறு' என்று சொன்னால் என்ன நடக்கிறது? உங்கள் கையில் என்ன டோக்கன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் மனிதராக, பாஸ்வேர்டு கொடுத்து ஓப்பன்ஷிஃப்டில் நுழைந்தவர் என்றால் உங்களுடையது ஓஆத் டோக்கன். அதற்கு சர்வரில் ஒரு பதிவு இருக்கும். ஓசி லாகவுட் அந்தப் பதிவை அழித்துவிட்டு, உங்கள் கணினியில் இருக்கிற நகலையும் நீக்கும். இது நிஜமான வெளியேற்றம். ஓப்பன்ஷிஃப்டைப் பாராட்ட வேண்டிய இடம். குபெர்னெட்டீஸின் சொந்தக் கருவியில் லாகின், லாகவுட் என்ற கட்டளைகளே கிடையாது.

ஆனால் தானியங்கி ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் மனிதர் பெயரில் ஓடுவதில்லை, சர்வீஸ் அக்கவுன்ட் பெயரில் ஓடுகின்றன. அந்த டோக்கன் கையெழுத்திட்ட ஒரு ஜேடபிள்யூடி. அதற்கு சர்வரில் ஓஆத் பதிவே இல்லை. பிறகு லாகவுட் எதை அழிக்கும்? உங்கள் கணினியில் இருக்கிற நகலை மட்டும். கட்டளை ஓடி முடிந்ததும் நிம்மதி வரும், ஸ்கிரிப்ட் பச்சை விளக்கு காட்டும். அந்த டோக்கனை வழியில் யாராவது எடுத்து வைத்திருந்தால் அவருக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது. கிளையன்ட் சான்றிதழ் வைத்து நுழைபவர்கள் நிலைமை இன்னும் மோசம்: குபெர்னெட்டீஸ் சான்றிதழ் ரத்துப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை, காலாவதித் தேதி வரைக்கும் அது செல்லும்.

இதனால் வருகிற பெரிய சிக்கல் கணக்கு. 'இந்த நிமிஷம் உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டால், ஓஆத் டோக்கன்களை நிர்வாகி ஒரே கட்டளையில் பட்டியலிட்டு வாங்கிவிடலாம். ஜேடபிள்யூடி டோக்கன்களுக்கு அப்படி ஒரு பேரேடே கிடையாது. சர்வர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறது. திரும்பி வரும்போது கையெழுத்தும் தேதியும் சரியா என்று பார்க்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கவே தேவையில்லை. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறையிடம் வாங்குகிற சீட்டுக்கும் பெயர் டோக்கன்தான். புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் கொடுப்பதை நிறுத்துவார்கள். அதாவது லாகினை மூடுவார்கள். ஏற்கெனவே போனவர்களை என்ன செய்வது? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, கடலில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அரசு சொன்ன எண்ணும் மீனவக் கிராமங்கள் சொன்ன எண்ணும் பல நாட்கள் ஒத்துப்போகவில்லை. யார் போனார், யார் திரும்பினார் என்று ஒரே இடத்தில் பேரேடு இல்லாததன் விலை அது. கிளஸ்டரில் உயிர் போகாது, ஒப்பிடுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லலாம். ஆனால் கேள்வி அதேதான்.

எங்கள் ஊர் துறைமுக வரலாற்றைத் துருவிக்கொண்டிருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் இந்தியப் பெருங்கடலில் ஓடுகிற கப்பல்களுக்கு 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டைத் திணித்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை நாகப்பட்டினத்தில் இருந்தவர்களும் அவர்கள்தான். அந்தச் சீட்டில் கப்பல், அதன் தலைவன், ஆட்கள், ஆயுதங்கள், போகிற இடம் எல்லாம் எழுதியிருக்கும். அட்டூழியமான ஏற்பாடு, சந்தேகமில்லை. சீட்டு இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். ஆனால் ஒரு கப்பலின் சீட்டை இன்னொரு கப்பல் காட்டித் தப்புவது சுலபமில்லை. நம்முடைய டோக்கன் அதற்கு நேர் எதிர். 'பேரர்' டோக்கன் என்பதன் அர்த்தமே, யார் கையில் இருக்கிறதோ அவருடையது என்பதுதான். சீட்டைக் கப்பலோடு கட்டுகிற யோசனை இணையத் தரங்களில் டிபாப் என்ற பெயரில் 2023-இல்தான் ஆர்எஃப்சி ஆனது.

சரி, லாகவுட் வரியை ஏன் பலர் கமென்ட் செய்து வைத்திருக்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று நினைத்தால் தப்பு. காரணம் நியாயமானது. பில்ட் சர்வரில் இரண்டு ஜாப் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே யூசர், ஹோம் டைரக்டரியில் ஒரே கியூப்கான்ஃபிக் கோப்பு, ஒரே டோக்கன். முதல் ஜாப் முடித்துவிட்டு ஒழுங்காக லாகவுட் செய்கிறது. இரண்டாவது பாதி டெப்ளாய்மென்டில் நிற்கிறது, திடீரென்று 'நீ யார்?' என்று சர்வர் கேட்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு இது நடந்தால், ஆன்-காலில் இருப்பவர் லாகவுட் வரிக்கு முன்னால் ஒரு '#' போட்டுவிட்டுத் தூங்கப் போவார். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்த '#'-க்குப் பக்கத்திலேயே 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தது. கோப்பின் வரலாற்றில் அதற்கு வயது மூன்று வருஷம்.

இதே பொதுக் கோப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூன்று கிளஸ்டர்களுக்கும் வரிசையாக நுழைகிற ஸ்கிரிப்ட் கடைசியில் புரொடக்ஷனில் நிற்கும். நடப்பு கான்டெக்ஸ்ட் அதுவாகவே இருந்துவிடும். அடுத்து யாராவது டெவலப்மென்ட் என்று நினைத்து அடிக்கிற டெலீட் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்வு கஷ்டமே இல்லை. ஒவ்வொரு ஜாபுக்கும் தனி தற்காலிக டைரக்டரி, தனி கியூப்கான்ஃபிக், தனி டோக்கன். வெளியேற்றத்தை ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எழுதாமல் ஷெல்லின் 'ட்ராப்' வசதியில் வைத்தால், நடுவில் பிழை வந்து நின்றாலும் அது ஓடும். ஆனால் சிக்னல் 9 அனுப்பிக் கொன்றாலோ மெஷினே விழுந்தாலோ ட்ராப் ஓடாது. ஆகவே ஸ்கிரிப்ட் செய்கிற லாகவுட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது. இங்கேதான் 'டோக்கன் எப்படியும் காலாவதியாகிவிடும், லாகவுட் எதற்கு?' என்று வாதாடுகிற நண்பர்களோடு முரண்படுகிறேன். எத்தனை நேரத்தில் காலாவதி? ஓப்பன்ஷிஃப்டில் ஓஆத் டோக்கனின் இயல்பு ஆயுள் 24 மணி நேரம். நாலு நிமிஷ வேலைக்கு ஒரு நாள் முழுக்க சாவி.

சாவியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 18-இல் பெங்களூரின் ஜஸ்பே நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்தது. மாற்றப்படாமல் கிடந்த ஒரு பழைய அணுகல் சாவிதான் வழி என்று அந்த நிறுவனமே பின்னர் சொன்னது. 3.5 கோடி கார்டுகளின் பகுதி மறைக்கப்பட்ட விவரங்கள் வெளியே போயின. 2023-இல் கிளவுட்ஃபிளேர். அக்டோபரில் ஆக்டா ஊடுருவலில் கசிந்த ஆயிரக்கணக்கான சாவிகளை மாற்றினார்கள். ஒரு டோக்கனும் மூன்று சர்வீஸ் அக்கவுன்ட்களும் மட்டும் விடுபட்டன, பயன்பாட்டில் இல்லை என்று நினைத்து. நவம்பரில் அவற்றை வைத்தே உள்ளே வந்தார்கள். அதன்பின் 5,000-க்கும் மேற்பட்ட சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. அப்பேர்ப்பட்ட கிளவுட்ஃபிளேரிடமே பேரேடு சரியாக இல்லை என்றால் நம் ஷெல் ஸ்கிரிப்ட் எம்மாத்திரம்?

எனக்குப் பிடித்த வழி, லாகின் ஸ்கிரிப்டையே ஒழித்துக்கட்டுவது. ஜாப் கிளஸ்டருக்குள்ளேயே ஒரு பாடாக ஓடினால், கியூப்லெட் அதற்கு டோக்கனைக் கொடுத்து, அவ்வப்போது புதுப்பித்தும் வைக்கிறது. அந்த டோக்கன் அந்தப் பாடோடு கட்டப்பட்டது. பாட் நீக்கப்பட்டால் டோக்கன் செல்லாது. இதை லாகவுட் என்று ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முடிவை சர்வர் எடுக்கிறது. (இதிலும் ஒரு கண்துடைப்பு உண்டு: பழைய மென்பொருள்கள் உடைந்துவிடக் கூடாது என்று, இப்படித் தானாகச் செருகப்படும் டோக்கனின் உள்ளே எழுதியிருக்கும் ஆயுளை இயல்பமைப்பு ஒரு வருஷமாக நீட்டிவிடுகிறது. பாடோடு கட்டியிருப்பதால்தான் நாம் பிழைக்கிறோம்.) ஜாப் வெளியேதான் ஓட வேண்டும் என்றால், டோக்கன் உருவாக்கும் கட்டளையில் ஆயுளைக் குறிப்பிட்டு வாங்கலாம். சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம், குறைந்தபட்சம் பத்து நிமிஷம்.

பழசு இருக்குல்ல, அதுதான் மிச்சப் பிரச்சினை. 2022-இல் வந்த 1.24 பதிப்பு வரை ஒவ்வொரு சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கும் காலாவதியே இல்லாத டோக்கன் ஒன்று சீக்ரெட்டாகத் தானே முளைத்துக்கொண்டிருந்தது. 1.24 அதை நிறுத்தியது, முளைத்தவற்றைப் பிடுங்கவில்லை. ஒரு வருஷமாக யாரும் தொடாதவற்றைக் களையெடுக்கிற வேலை 1.30-இல்தான் நிலையான அம்சமானது. அதுவும் தானாக முளைத்தவற்றை மட்டும். யாரோ ஒருவர் ஜென்கின்ஸுக்காகக் கையால் செய்துவைத்த சீக்ரெட்டை அது தொடாது. சீக்ரெட் பட்டியலை எடுத்து, வகை சர்வீஸ் அக்கவுன்ட் டோக்கன் என்று வடிகட்டி, உருவான தேதியைப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.