"இந்த வயசுலயும்..." என்று தொடங்கும் பாராட்டு

முதிய விளையாட்டு வீரர்களைப் பற்றி வந்த செய்திகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே தொடக்கம்தான்: "இந்த வயசுலயும்...". பாராட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் உள்ளே வந்ததும் விளையாட்டு வெளியே போய்விடுகிறது. என் குறை அதுதான்.

மன் கௌரை எடுத்துக்கொள்வோம். 2017-ல் ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில், 101 வயதில், 100 மீட்டரை 74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். நம் நினைவில் தங்கியது வயதும் தங்கமும். அவருடைய வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவர்தான். அப்படின்னா போட்டி யாரோடு? கடிகாரத்தோடு. முந்தைய ஆண்டு அமெரிக்க மாஸ்டர்ஸ் போட்டியில் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட 7 விநாடி குறைத்திருந்தார். நூறைத் தாண்டிய பிறகு நேரம் குறைகிறதென்றால் அதற்குப் பின்னால் பயிற்சி இருக்கிறது. என் கணக்கில் அதுதான் தலைப்புச் செய்தி.

இன்னொருவர் ஜப்பானின் ஹிரோமு இனடா. எழுபது வயதில் ட்ரையத்லானுக்கு வந்தவர். ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2015-ல் சில விநாடிகளில் தவறவிட்டார். "பெரியவர், பாவம்" என்று யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. 2018-ல், 85 வயதில், நேரத்துக்குள் முடித்தார். முதலில் சலுகை தந்திருந்தால் இரண்டாவதுக்கு என்ன மதிப்பு?

சரி, தஞ்சாவூருக்கு வருவோம். ட்ரையத்லான் என்றால் நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே அறுபதைத் தாண்டிய பலர் புது ஆற்றுல நீச்சல் கத்துக்கிட்டவங்க, சைக்கிள்ல பள்ளிக்கூடம் போனவங்க. அவர்களுக்கு எங்கள் ஊர்ப் பொங்கல் விழா தருவது என்ன? இசை நாற்காலியும் எலுமிச்சை ஸ்பூனும். யாரும் நேரம் குறிப்பதில்லை. போன வருஷத்தைவிட முன்னேறினாரா என்று கேட்க வழியே இல்லை. மாஸ்டர்ஸ் தடகளத்தில் 35-லிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள் உண்டு. அங்கே 64 வயதுக்காரர் அடுத்த பிறந்தநாளுக்குக் காத்திருப்பார், புதிய பிரிவில் அவர்தானே இளையவர்!

"உடம்பு தாங்குமா?" என்ற கேள்வி நியாயமானது. வயதானால் களைப்பு தீர நாளாகும். மருத்துவரைப் பார்த்துவிட்டு இறங்குவதே சரி. மூன்று விளையாட்டில் ஒரு வசதியும் உண்டு: முழங்காலுக்கு ஓய்வு தேவைப்படும் நாளில் நீந்தலாம்.

ஆனால் அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்கிறோமா? குறுவை நடவில் 65 வயது அம்மா நாளெல்லாம் சேற்றில் குனிந்து நிற்கிறார். அங்கே யாரும் "இந்த வயசுலயும்" என்பதில்லை. அதே அம்மா விளையாட்டரங்கில் ஓடினால் அதிசயம். கூலிக்கு வளையும் உடம்பு நமக்குச் சாதாரணம், தன் ஆசைக்கு ஓடினால்தான் கண்ணை உறுத்துகிறது.

அடுத்த முறை எழுதுபவர்கள் வயதைத் தாராளமாகப் போடுங்கள். பக்கத்திலேயே நேரத்தையும் போடுங்கள்.