சொல்லாமல் முடிவெடுக்கும் கருவி

வீடியோவோடு மல்லாடும் நிரலாளர் யாரைக் கேட்டாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி மீது ஒரு குறை வைத்திருப்பார். ‘ஆப்ஷன்கள் ஏராளம், தலை சுற்றுகிறது’ என்பதுதான் பெரும்பாலும் அந்தக் குறை. அதில் எனக்கு உடன்பாடில்லை. வீடியோ என்பதே சிக்கலான சரக்கு; அந்தச் சிக்கலை மறைக்காமல் நம் முன் வைப்பதுதான் இந்தக் கருவியின் பெருமை. குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. நாம் எதையாவது சொல்லாமல் விட்டால், அது தானாக ஒரு முடிவை எடுக்கிறது. எடுத்ததை நம் கண்ணில் படும்படி சொல்வதில்லை.

முதலில் பெருமையைப் பேசிவிடுவோம். 2000ஆம் ஆண்டில் ஃபேப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம் இது. இதன் நூலகங்கள் இன்று விஎல்சி பிளேயருக்குள்ளும் குரோம் உலாவிக்குள்ளும் ஓடுகின்றன. எம்பி4, எம்கேவி என்பவை வெறும் உறைகள், உள்ளே படமும் ஒலியும் சப்டைட்டிலும் தனித்தனி ஸ்டிரீம்களாக இருக்கின்றன என்ற உண்மையை இது பயனருக்குத் திறந்து காட்டுகிறது. அதனால்தான் எம்கேவி கோப்பு ஒன்றை, உள்ளிருக்கும் ஸ்டிரீம்களை எம்பி4 ஏற்குமானால், அவற்றைத் தொடாமல் அப்படியே எம்பி4 உறைக்கு மாற்ற முடிகிறது. தரம் துளியும் குறையாது. கோப்பை நகலெடுக்கும் நேரம்தான் ஆகும். பழகுவதற்கு எளிதான இன்னொரு வீடியோ மாற்றும் கருவியான ஹேண்ட்பிரேக்கில் இதற்கு வழியில்லை. அது படத்தை எப்போதும் மறுபடி என்கோட் செய்தே தரும். எளிமைக்கு அங்கே கொடுக்கும் விலை அது.

இனி அன்றாட வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேர விரிவுரையில் 10ஆவது நிமிடம் முதல் 12ஆவது நிமிடம் வரை வேண்டும். தொடக்கத்தைக் குறிக்கும் ‘எஸ்எஸ்’ ஆப்ஷனில் 10 நிமிடம், முடிவைக் குறிக்கும் ‘டூ’ ஆப்ஷனில் 12 நிமிடம் என்று கொடுக்கிறோம். இரண்டையும் உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்குப் பின்னால் எழுதினால் கேட்ட இரண்டு நிமிடம் கிடைக்கும். ஆனால் முதல் பத்து நிமிடத்தையும் டிகோட் செய்து ஒதுக்கிவிட்டுத்தான் வேலை தொடங்கும். வேகம் வேண்டுமென்று ‘எஸ்எஸ்’ஸை மட்டும் கோப்புப் பெயருக்கு முன்னால் நகர்த்துகிறோம். இப்போது கருவி நேரே பத்தாவது நிமிடத்துக்குத் தாவும். தாவியதும் நேரக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பின்னால் நிற்கும் ‘டூ’வுக்கு அந்தப் புதிய கணக்குதான் தெரியும். ஆகவே கைக்கு வருவது 10 முதல் 22 வரை, பன்னிரண்டு நிமிடத் துண்டு! பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கட்டளை வெற்றிகரமாக முடிந்துவிட்டது. ஆப்ஷன் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும் என்று ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேகத்துக்காக ஒரு சொல்லை இடம் மாற்றுகிறவர், விடையும் மாறும் என்று எப்படி எதிர்பார்ப்பார்?

மறு என்கோட் இல்லாமல் வெட்டும்போது தொடக்கம் சற்று முன்னே பின்னே போவதும், சில பிளேயர்களில் ஒலி மட்டும் ஓடிப் படம் உறைந்து நிற்பதும் வேறு கதை. அங்கே வெட்டு, முழுப் படமாகப் பதிந்த கீஃப்ரேமில்தான் தொடங்க முடியும். எக்ஸ்264 என்கோடரின் டீஃபால்ட்படி இரு கீஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃபிரேம் வரை இடைவெளி இருக்கலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 10 நொடி. இது சுருக்கும் முறையின் இயல்பு. இதற்காகக் கருவியைத் திட்டுவது நியாயமில்லை.

ஸ்டிரீம் தேர்வில் நடப்பதோ அப்பட்டமான மௌனம். தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று ஒலித்தடங்களோடு ஒரு படம் இருக்கிறது. எதையும் குறிப்பிடாமல் மாற்றினால், பொதுவாகச் சேனல் எண்ணிக்கை அதிகமுள்ள ஒரே ஒரு தடம் மட்டும் தேறும். மூன்றும் சமமென்றால் வரிசையில் முதலில் இருப்பது. மற்ற இரண்டும் போய்விடும். எந்த ஸ்டிரீம்களை எடுத்துக்கொண்டது என்ற பட்டியல் திரையில் வரத்தான் செய்கிறது. எவற்றை விட்டது என்று ஒரு வரி வராது. மூலக் கோப்பை நீக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவரின் இழப்புக்கு ஈடில்லை. எல்லாத் தடங்களையும் கேட்டு வாங்க ‘மேப்’ என்ற ஆப்ஷன் உண்டு. இழந்த பிறகுதான் பலருக்கு அது அறிமுகமாகிறது.

இன்னொன்று, ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களை வதைப்பது. வேலை ஓடும்போது ‘க்யூ’ அழுத்தினால் நிறுத்த வேண்டும் என்பதற்காக இந்தக் கருவி எஸ்டிடின் என்ற நிலை உள்ளீட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கோப்புப் பெயர்களை வரிவரியாகப் படிக்கும் ஷெல் லூப்புக்குள் இதை வைத்தால், அடுத்து வரவேண்டிய பெயர்களின் எழுத்துகளையும் இது விழுங்கிவிடும். முதல் கோப்பு ஒழுங்காக முடியும். அடுத்ததன் பெயர் தலை வெட்டுப்பட்டு, அப்படியொரு கோப்பே இல்லை என்று வந்து நிற்கும். லூப்பிலும் பெயரிலும் தேடுகிறவருக்குப் பிழை கிடைக்காது. ‘நோஎஸ்டிடின்’ என்ற ஒரே சொல் போதும் தீர்த்துவைக்க.

டீஃபால்ட்களையே மாற்றிவிடலாமே என்பவர்களோடு நான் சேரமாட்டேன். இவற்றை நம்பி ஓடும் ஸ்கிரிப்ட்கள் கணக்கில் அடங்காதவை. பழகியதை மாற்றினால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2011இல் திட்டம் பிளந்து லிபாவ் என்ற கிளை பிரிந்தபோது லினக்ஸ் விநியோகங்களான டெபியனும் உபுண்டுவும் அந்தப் பக்கம் போயின. பழைய கட்டளையை அடித்தவர்களுக்கு, இது கைவிடப்படுகிறது, வேறு கட்டளைக்கு மாறுங்கள் என்ற அறிவிப்பு வந்தது. எஃப்எஃப்எம்பெக்கே முடிந்துபோனது என்று பலர் நம்பினார்கள். டெபியன் 2015இல் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் குழப்பம் பயனர் தலையில் விழுந்தது.

ஆகவே நான் கேட்பது சிறிய மாற்றம். டீஃபால்ட்கள் அப்படியே இருக்கட்டும். வேலை முடியும்போது, விடப்பட்ட ஸ்டிரீம்கள் இவை என்று ஒரு வரி வரட்டும். கோப்புப் பெயருக்கு முன்னால் ‘எஸ்எஸ்’ஸும் பின்னால் ‘டூ’வும் வந்தால், வெளியீட்டின் நீளம் இவ்வளவு இருக்கும் என்று தொடங்கும் முன்பே இன்னொரு வரி வரட்டும். இரண்டுக்கும் தேவையான தகவல் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது.