மிதப்பும் உழைப்பும்

கலை தெய்வத்தின் அருட்கொடை என வாதிடுவோர்க்குப் பாலே நடனக்காரி நல்லதொரு சான்றாகத் தோன்றலாம். கால்விரல் நுனியில் நின்று, நிலத்தையே மறந்தவள்போல் அவள் மிதக்கும் காட்சி அத்தகைய மயக்கத்தைத் தரவே செய்யும். 1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீத்' அரங்கேறியபோது மரி தக்லியோனியைக் கண்டோரும் அவ்வாறே மயங்கினர். ஆனால், அவர் அணிந்திருந்தது நுனியில் நூலிழை ஓட்டித் தைத்த மென்பட்டுக் காலணியே. இன்றைய காலணியின் கடினமான நுனிக்கூடு அதில் இல்லை. அவரைத் தாங்கியது, தந்தையிடம் நாள்தோறும் பல மணிநேரம் பெற்ற கடும் பயிற்சியாகும்.

இம்மயக்கத்தைத் தெளிவிக்கும் நூல், அக்ரிப்பீனா வாகனோவா 1934இல் வெளியிட்ட 'செந்நெறி நடனத்தின் அடிப்படைகள்'. சார் மன்னரின் அரங்கில் ஆடி, 1916இல் மேடையை விட்டு விலகியவர் அவர். புரட்சியின் பின் பெத்ரோகிராட் அரசு நடனப் பள்ளியில் ஆசிரியரானார். பாலே அரசவையின் எச்சம், அது நமக்கு எதற்கு என்ற குரல் ஓங்கியிருந்த காலம் அது. அதற்கு அவர் அளித்த விடை அவருடைய மாணவியரே: 1925இல் மரீனா செமியோனோவாவும் 1928இல் கலீனா உலானோவாவும் அப்பள்ளியிலிருந்து வெளிவந்தனர்.

உடலின் நிலைபேறு பற்றி வாகனோவா கூறுவதே நூலின் உயிர்நாடி எனலாம். நிலைபேற்றுக்கு ஆதாரம் பாதமன்று, முதுகெலும்பே என்கிறார் அவர். முதுகுத் தசைகளை உணர்ந்து ஆளக் கற்றவளே ஒற்றைக் காலில் அசையாது நிற்பாள். ஆகவேதான் பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வேண்டியுள்ளது. சுவரோரக் கட்டையைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி நிமிர்தலும் குதியை உயர்த்தித் தாழ்த்தலும் முதற்படி. பிடியை விட்டு மண்டப நடுவில் நிற்றல் அடுத்த படி. இரு காலில் தேறிய பின்னரே ஒரு கால். விரல்நுனிக்கு எழுகையில் சிறு துள்ளலோடு எழும் இத்தாலிய முறையை அவர் விரும்புகிறார். அதனால் பாதம் நெகிழ்வு பெறும், உடலின் சமநிலை ஒரு புள்ளியில் குவியப் பழகும் என்பது அவர் காட்டும் நியாயம். குருவின் வாக்கே பிரமாணம் என்னாது, காரணம் கூறிக் கற்பிக்கும் இப்பண்பே அவரை நல்லாசிரியராக்குகிறது.

எனினும், இம்முறையின் வெற்றியை மதிப்பிடும்போது ஒன்றை மறத்தலாகாது. சிறுவரின் உடலமைப்பைச் சோதித்துப் பொறுக்கியெடுத்த பள்ளி அது. அங்கு நாள்தோறும், ஆண்டாண்டாக நடந்த பயிற்சியின் விளைவை வாரத்துக்கொரு வகுப்பில் எதிர்பார்த்தல் பேதைமை. பெற்றோரின் பெருமைக்காகவோ கட்டணத்துக்காகவோ பிஞ்சுக் கால்களுக்கு நுனிக்காலணி மாட்டுதல் கொடுமை. பாதத்தின் எலும்புகள் முதிராத பருவம் அது. பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கலாகாது என்பதே இன்றைய பொதுவான அறிவுரை. வயது வந்துவிட்டாலும் போதாது. ஒற்றைக் காலில் பலமுறை குதியுயர்த்தியும் கணுக்கால் தளராதிருக்கிறதா, நடுவுடல் குலையாதிருக்கிறதா என ஆசிரியர் பார்த்தாக வேண்டும். இல்லாத வலுவைக் காலணி தராது. குறைபாட்டின் சுமை முழுவதும் கணுக்காலிலும் முதுகிலுமே இறங்கும்.

எந்தப் பாடத்தைக் கற்பிப்போர்க்கும் இது பொருந்தும். அடித்தளம் இடுமுன் மாணவரைச் சிகரத்தில் நிறுத்திக் கைதட்டல் பெற விழையும் கல்வி, அவருடைய உடலையும் உள்ளத்தையும் விலையாகக் கேட்கிறது. அவ்விலையைக் கேட்க எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை.