பேகனைக் கடிந்த புலவர்களும் நாமும்

கடையெழு வள்ளல்களுள் பேகனை அறியாத தமிழ் மாணவர் இலர். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என ஒரே வரியில் விடையெழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர். ஆயின் வையாவிக் கோப்பெரும் பேகனைப் பற்றிப் புறநானூற்றில் 141 முதல் 147 வரை தொடர்ச்சியாக ஏழு பாடல்கள் உள்ளன. அவற்றுள் முதலிரண்டு அவன் கொடையைப் போற்றுவன. எஞ்சிய ஐந்தும், அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடிச் சென்றமை காரணமாகப் பாடப்பட்டவை. பாடியவர்களும் சிறியோர் அல்லர். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர்; பரணர் மட்டும் இரு பாடல்கள் பாடினார்.

ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் மயிலைக் கற்பித்தேன், கண்ணகியைக் கற்பிக்கவில்லை. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. பேகன் நம்மவன், வள்ளல், தமிழ்ப் பெருமைக்குச் சான்று. அவன் வீட்டுக் குறையைப் பிள்ளைகள் முன் எடுத்துரைக்க என் நா எழவில்லை. ஏழில் இரண்டைக் காட்டி ஐந்தை மறைத்தேன். பெரியவர்களின் பிழை மறைக்கப்படும் முறையைப் பற்றி எழுத முற்படும்போது, முதற்சான்று என் வகுப்பறையிலேயே கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

அந்த ஐந்து பாடல்களையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். பாடிய புலவர்கள் பேகனின் பகைவர்கள் அல்லர். வேற்று வேந்தனின் ஆள்களும் அல்லர். அவன் புகழைப் பாடிய வாயாலேயே அவன் பிழையையும் பாடினர். பசியினால் வரவில்லை, சுற்றத்தைக் காக்கப் பொருள் வேண்டியும் வரவில்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பதே யாம் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். நீ தரும் அணிகலனும் செல்வமும் இருக்கட்டும், அவள் கூந்தல் மீண்டும் மலர் சூடுமாறு செய்தலே எமக்குக் கொடை என்னும் கருத்துப்பட உரைக்கிறார் அரிசில்கிழார். இரவலர் பரிசிலை மறுத்துப் புரவலனை இடித்துரைப்பது எளிய செயலன்று. அடுத்த வேளை உணவையே பணயம் வைத்துப் பேசிய பேச்சு அது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 144ஆம் பாடலில் பரணர் முதலில் செல்வது அரசனிடமன்று, அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம். நீ பேகனுக்கு உறவினளோ என வினவுகிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் விடை தருகிறாள்: தான் அவனுக்கு உறவல்லள், தன்னைப் போன்ற வேறொருத்தியின் அழகை விரும்பி அவன் வேற்றூர் செல்வதாகச் சொல்கிறார்கள். மனைவியே உறவல்லள் என்று சொல்லும் அவ்விடை, எந்தப் பழிச்சொல்லினும் கூரியது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே அரசன் செவியில் சேர்ப்பதுதான் புலவர் பணி. அரசனைப் பிறர் எள்ளி நகையாட வேண்டும் என்பதன்று அவர் நோக்கம்.

இப்பாடல்களை இன்றைய நீதி முழுமைக்கும் இலக்கணமாகக் கொள்ள இயலாது. கணவன் திரும்பிவிட்டால் குறை தீர்ந்தது என்று அவை அமைதியடைகின்றன. அந்த மற்றொருத்தியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனினும் பொதுவாழ்வில் இருப்போரின் பாலியல் ஒழுக்கம் பற்றிய விமர்சனத்திற்கு மூன்று அளவைகளை அவை தருகின்றன. நம்மவரையும் கடிதல்; கடிவதால் வரும் ஆதாயத்தை மறுத்தல்; துன்புற்றவளின் சொல்லை முதலில் கேட்டல். இம்மூன்றையும் கைக்கொண்டு நம் நாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றை அளந்து பார்ப்போம்.

1994இல் மலாக்கா முதலமைச்சராகவும் அம்னோ இளைஞர் பகுதித் தலைவராகவும் இருந்த ரஹிம் தம்பி சிக் மீது, 15 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி தொடர்பான குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பதவி விலகினார். சான்று போதாதெனக் கூறி அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. அம்மாணவியோ பாதுகாப்பு என்ற பெயரில் காவலில் வைக்கப்பட்டாள். அவளுடைய பாட்டி உதவி நாடியது எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் லிம் குவான் எங்கை. அவ்விவகாரத்தைப் பொதுமேடையில் எழுப்பியதற்காக அவர் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழும் அச்சகச் சட்டத்தின் கீழும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 1998 ஆகஸ்டில் சிறை புகுந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது வழக்கில்லை, கேட்டவருக்குச் சிறை, மாணவிக்குக் காவல். மூடிமறைத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

2008 ஜனவரியில் சுகாதார அமைச்சர் சுவா சொய் லெக், மறைவாகப் படமெடுக்கப்பட்ட ஒளிப்பதிவில் இருப்பவர் தாமே என ஒப்புக்கொண்டு பதவிகளைத் துறந்தார். 2010இல் மலேசிய சீனர் சங்கத்தின் தேசியத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2009 பிப்ரவரியில், மக்கள் நீதிக் கட்சியைச் சேர்ந்த சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினர் எலிசபெத் வோங்கின் அந்தரங்கப் படங்கள் வெளியாயின. அவர் உறங்கும்போது, அவர் அறியாமல் எடுக்கப்பட்டவை அவை. அவர் செய்த குற்றம் யாதும் இல்லை. குற்றம் அவருக்கு இழைக்கப்பட்டது. எனினும் பதவி விலக முன்வந்தவர் அவரே. பின்னர் அவர் பணிக்குத் திரும்பியது வேறு செய்தி.

மேற்கூறிய மூன்றும் ஒரே தன்மையன அல்ல. முதலாவதில் பேசப்பட்டது வயது வராத பெண்பிள்ளையின் பாதுகாப்பு. இரண்டாவதில் வயதுவந்த ஒருவரின் தனிவாழ்வு திருட்டுத்தனமாகப் பதிவாயிற்று. மூன்றாவதில் ஒரு பெண்ணின் அந்தரங்கம் களவாடப்பட்டது. விமர்சகனின் முதற்கடமை வேறுபாடு காண்பது. நாமோ மூன்றையும் 'ஒழுக்கக்கேடு' என்னும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினோம். கட்டிய பின்னர், அதனை யார் தலையில் ஏற்றுவது என்பதைக் கட்சியைப் பார்த்து முடிவு செய்தோம்.

நம் பேராக்கிற்கே வருவோம். 2019 ஆகஸ்டில், துரோனோ சட்டமன்ற உறுப்பினரும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினருமான பால் யோங் மீது, தம் வீட்டில் பணிபுரிந்த இந்தோனேசியப் பெண்ணை வன்புணர்ந்ததாக ஈப்போவில் குற்றஞ்சாட்டப்பட்டது. அவர் அதனை மறுத்தார். 2022 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து 13 ஆண்டுச் சிறையும் 2 பிரம்படியும் விதித்தது. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்திச் சிறைக்காலத்தை 8 ஆண்டாகக் குறைத்தது. வழக்கு கண்ட எல்லாப் படிகளையும் உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வழக்கைப் பற்றி நாம் பேசிய பேச்சே ஈண்டு ஆராய்ச்சிக்குரியது.

2019இல் அவர் ஜனநாயக செயல் கட்சியில் இருந்தார். அப்போது புந்தோங்கில் நாங்கள் கூடும் தேநீர்க் கடையில், அக்கட்சியின்பால் பற்றுடைய நண்பர்கள், இஃது அரசியல் சதி, பணிப்பெண்ணை யாரோ ஏவியிருக்கிறார்கள் என்றனர். எதிரணி நண்பர்கள், ஏழைப் பெண்ணின் மானம் என்று மேசையைத் தட்டினர். 2020 மார்ச்சில் பேராக்கில் ஆட்சி மாறியது. பால் யோங் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாகிப் புதிய ஆட்சிக்கு ஆதரவு தந்தார். அதே கடை, அதே மேசை. சதி என்றவர்கள் பெண்ணின் மானத்தைப் பேசத் தொடங்கினர். மானம் பேசியவர்கள், நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று அமைதி காத்தனர். இடைப்பட்ட காலத்தில் வழக்கில் ஒரு சான்றும் மாறவில்லை. மாறியது அவர் அமர்ந்திருந்த வரிசை மட்டுமே. கடல் கடந்து வந்து பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கிய அப்பெண் என்ன சொன்னாள் என்று இரு ஆண்டுகளிலும் எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வழக்கம் அரசியல் கட்சிகள் நமக்குக் கற்றுத் தந்ததன்று. தோட்டத்திலிருந்தே நம்முடன் வந்தது. புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மருதியின் வாழ்வைக் காட்டினார். இலங்கைக்கு மட்டும் உரிய கதையாக நம் முன்னோர் அதனைப் படித்திருக்க முடியாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பது. இன்று அவ்வேலைநிறுத்தத்தை நினைவுகூர்வோர் கூலி உயர்வையும், நாதன் நாடு கடத்தப்பட்டதையும் சொல்வர். இக்கோரிக்கையைச் சொல்வோர் சிலரே.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். இன்று அங்கே பால்மரம் இல்லை, செம்பனை நிற்கிறது. 1960களில், பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி ஒருவர் தன் கையைப் பிடித்து இழுத்ததாக ஒரு பெண் முறையிட்டாள். கோயில் முன் கூட்டம் கூடியது. கிராணியின் பக்கத்தார் பெரும்பான்மையினர். அவள் நடத்தை எப்படிப்பட்டது என்பதே அன்றைய வினாவாயிற்று. சில மாதங்களில் அக்குடும்பம் வேறு தோட்டத்திற்குப் போய்விட்டது. மறு ஆண்டு, எதிர்ப்பக்கத்துக் கங்காணி ஒருவர்மீது அதே போன்ற குற்றச்சாட்டு வந்தது. அதே மரத்தடி. முந்தைய ஆண்டு பெண்ணின் நடத்தையை ஆராய்ந்த பெரியவர்களே, இப்போது பெண்குலத்தின் கற்பைப் பற்றி முழங்கினர். கங்காணி பதவி இழந்தார். அந்த வெற்றியில் இரண்டாம் பெண்ணையும் மறந்துபோயினர். என் தந்தையார் இரு கூட்டங்களிலும் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். இரண்டிலும் அவர் வாய் திறக்கவில்லை. அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. புந்தோங் தேநீர்க் கடையில் நான் அமர்ந்திருந்ததும் அவ்வாறே.

தமிழாசிரியர்கள் இதில் செய்யக்கூடியது யாது? கட்சிகளைத் திருத்துவது நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆயின் அளக்கும் கோலை மாணவர் கையில் தருவது நம் தொழில். பேகனைக் கற்பிக்கும் நாளில் 141, 142ஆம் பாடல்களோடு 143 முதல் 147 வரையுள்ளவற்றையும் சேர்த்தே கற்பிப்போம். வள்ளன்மை பொய் என்று காட்டுவதற்காக அன்று. வள்ளலிடமும் கேள்வி கேட்ட மரபு நம்முடையது என்று காட்டுவதற்காக. ஒரு செய்தியைப் படிக்கும் மாணவன், குற்றஞ்சாட்டப்பட்டவரின் பெயரை நீக்கிவிட்டு அங்கே தன் மனத்துக்குகந்த தலைவரின் பெயரை வைத்துப் படிக்கட்டும். அப்போதும் அவன் கருத்து மாறாதிருந்தால் அது விமர்சனம். மாறினால் அது கட்சிப் பற்று. இப்பயிற்சிக்குப் பாடநூலில் இடம் தேட வேண்டியதில்லை. வகுப்பில் பத்து நிமிடம் போதும்.

ஓய்வு பெற்ற பின்னர், ஈப்போவில் பிரத்தியேக வகுப்புக்கு வரும் சில பிள்ளைகளுக்கு 144ஆம் பாடலை நடத்தினேன். பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பரணர் கேட்காமல் போயிருந்தால் அந்தம்மா அப்படி ஒரு பதில் சொன்னதே நமக்குத் தெரிந்திருக்காதல்லவா?" என்றாள். தெரிந்திருக்காது என்றேன். அந்தக் கொட்டகைப் பெண்ணின் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். இன்றுவரை வரவில்லை.