ஏரித் தெய்வம் தேர்ந்த பெண்: ஃபுளோரா நுவாப்பாவின் ‘எஃபுரு’

சினுவா அச்சிபேயின் முதல் நாவல் 1958-இல் வெளிவந்தபோது, நைஜீரியாவின் இக்போ மக்கள் வாழ்க்கை உலக இலக்கியத்தில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. ‘சிதைவுகள்’ என்னும் பெயரில் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ள அந்நாவலின் தலைவன் ஒக்கொங்குவோ ஒரு மல்லன். மற்போரும், சேனைக்கிழங்கு நிரம்பிய களஞ்சியமும், ஊர்ச்சபையில் பெறும் மதிப்பும் அவன் வாழ்வை அளக்கும் கோல்கள். அவனுடைய மனைவியர் முற்றத்துக்கு அப்பால், தத்தம் குடிசையில் சமைத்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் தமக்குள் என்ன பேசினர் என்பதை அந்நாவல் சிறிதளவே காட்டிச் செல்கிறது.

எட்டாண்டுகள் கழித்து, 1966-இல், அப்பேச்சே ஒரு நாவலாக வெளிவந்தது. இலண்டன் ஹைனமன் நிறுவனத்தின் ‘ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை’யில் 26-ஆம் நூலாக வந்த ‘எஃபுரு’ என்பதே அது. அதன் ஆசிரியர் ஃபுளோரா நுவாப்பா. ஆங்கிலத்தில் நாவல் எழுதி வெளியிட்ட முதல் நைஜீரியப் பெண்மணி அவரே. 1931-இல் ஓகுட்டா என்னும் ஏரிக்கரை ஊரில் பிறந்து, இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பட்டமும் எடின்பரோவில் ஆசிரியப் பயிற்சிப் பட்டயமும் பெற்றுப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். தம் கையெழுத்துப்படியை 1962-இல் அச்சிபேயிடம் அனுப்பினார். அச்சிபே அதனைப் பாராட்டி இலண்டனுக்கு அனுப்பச் செய்தார். நூல் வந்ததும் பாராட்டினும் குறைகூறலே மிகுந்திருந்தது. அக்குறைகூறல் எத்துணைப் பொருத்தமுடையது என்பதையே ஈண்டு ஆராய வேண்டியுள்ளது.

கதை

எஃபுரு பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்தவள், அழகி, கைராசியுள்ள வணிகப் பெண். ஏழையான அடிசுவா என்பவனை விரும்பி, பரிசப் பணம் கொடுக்கப்படாமலே அவன் வீடு செல்கிறாள். அவன் வயலுக்குப் போகிறான். அவளோ வயல் வேலை தனக்கு ஒவ்வாதென்று சொல்லி ஊரிலேயே தங்கி வாணிகம் செய்கிறாள். பின்னர்ப் பரிசப் பணம் முறைப்படி கொடுக்கப்படுகிறது. காலந்தாழ்ந்து ஒகோனிம் என்னும் பெண்மகவு பிறக்கிறது. கணவனோ வேறொருத்தியுடன் சென்றுவிடுகிறான். குழந்தை நோயுற்று இறக்கிறது. அடக்கத்துக்குக்கூடத் தந்தை வரவில்லை. எஃபுரு தன் தந்தை வீடு திரும்புகிறாள். பள்ளிப் படிப்புள்ள எனெபெரி என்பவனை இரண்டாவதாக மணக்கிறாள். ஆண்டுகள் கழிகின்றன, மகப்பேறு இல்லை. அவனுக்கோ வேறிடத்தில் ஒரு மகன் பிறந்திருப்பது பின்னர் வெளிப்படுகிறது. இறுதியில் அவள் நோயுற்றுக் கிடக்கும்போது, அந்நோய் பிறன்மனை சேர்ந்த பாவத்தின் பயன் என ஊர் தூற்ற, கணவனும் அதனை நம்பிவிடுகிறான். எஃபுரு ஊர்த் தெய்வத்தின் முன் சூளுரைத்துத் தன் தூய்மையை நிறுவுகிறாள். நிறுவிய பின் அவனோடு வாழாமல் மீண்டும் தந்தை வீட்டுக்கே வந்துவிடுகிறாள்.

தீயில் இறங்கித் தூய்மை காட்டிய சீதையின் கதையை அறிந்தவர்க்கு இவ்விடம் நின்று எண்ணுதற்குரியது. இங்கே சூளுரை கணவனை மீண்டும் அடைவதற்கான வாயில் அன்று. அவனை விட்டுப் பிரிவதற்கு முன் ஊர்க்கணக்கைத் தீர்த்துவைக்கும் செயல்.

ஒரே ஆண்டில் இரு நாவல்கள்

இந்நாவலுக்கு முன்னெண்ணாக, அதே வரிசையில் 25-ஆம் நூலாக, அதே 1966-இல் வந்தது எலெச்சி அமாடியின் ‘தி கான்குபைன்’. ‘காமக்கிழத்தி’ என்பது அப்பெயரின் பொருள். அதன் தலைவி இஹுவோமாவும் பேரழகி. அவளும் நீர்த்தெய்வத்தோடு தொடர்புடையவள். கடலரசனின் மனைவியாக இருந்து மானிடப் பிறவி எடுத்தவள் என்பது கதையின் பிற்பகுதியில் வெளிப்படும் மறைபொருள். சியரா லியோன் திறனாய்வாளர் யூஸ்டஸ் பாமர் 1968-இல் இவ்விரண்டு ஆசிரியரையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து அமாடிக்கே முதன்மை தந்தார். அமாடியின் கதைக்கட்டு இறுக்கமானது என்பது உண்மை. எமெனிகே இறக்கிறான், மடுமே கண்ணிழந்து தூக்கிட்டுக்கொள்கிறான், எக்குவேமே திருமணத்துக்கு முன் அம்பு பாய்ந்து மடிகிறான். நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முடிவை நோக்கி விரைகின்றன.

ஆயினும் இரண்டிலும் துயர் யாருக்கு நேர்கிறது என்று வினவுதல் வேண்டும். அமாடியின் நாவலில் பெண்ணின் அழகு ஆடவர்க்குக் கூற்றாகிறது. அவளை அணுகியவர் இறந்துபடுகின்றனர். அவளோ பெரும்பாலும் தன்மேல் விழும் விதியை ஏற்று நிற்கிறாள். நுவாப்பாவின் நாவலில் எஃபுருவை மணந்தமையால் எவனும் மாளவில்லை. இரு கணவரும் அவளுக்குத் தவறு இழைத்துவிட்டு உயிரோடு உலவுகின்றனர். இறப்பினால் முடியும் கதை எளிதில் அவல நாடகமாகிவிடும். எவரும் இறவாமல், ஒருத்தி மறுநாளும் எழுந்து சந்தைக்குச் செல்ல வேண்டிய கதையைச் சொல்லுதல் அரிது. அந்த அரிய செயலையே நுவாப்பா மேற்கொண்டார். அமாடியின் அளவுகோலால் அதனை அளந்தமையே தொடக்கத் திறனாய்வின் பிழை எனலாம்.

ஊர்ப்பேச்சே ஊர்மன்றம்

‘எஃபுரு’வைப் பற்றி எழுந்த முதற்குறை, அதில் பேச்சு மிகுதி என்பது. பெண்கள் ஒருவரையொருவர் கண்டு நலம் வினவுகின்றனர், கோலாக்கொட்டை தந்து உபசரிக்கின்றனர், மீன் விலை பேசுகின்றனர், கடன் கேட்கின்றனர், அயல்வீட்டாரைப் பற்றிப் புறங்கூறுகின்றனர். பக்கத்துக்குப் பக்கம் இதுவே. கதை எங்கே என்று கேட்டவர்கள், இப்பேச்சே கதை என்பதைக் காணத் தவறினர்.

தமிழ் அகப்பொருள் மரபில் பயின்றோர்க்கு இது புதிதன்று. முகிழ்த்து அரும்பும் நிலையில் அம்பல் என்றும், பலரறிய விரிந்த நிலையில் அலர் என்றும் ஊர்ப்பேச்சுக்கு இரு பெயர் வைத்தனர் நம் முன்னோர். அலர் என்பது வெறும் வம்பன்று. தலைவியின் வாழ்வைத் திருப்பும் ஆற்றல் அதற்கு உண்டு. எஃபுருவின் ஊரிலும் அவ்வாறே. அவள் பரிசமின்றிப் போனாள் என்பது ஒரு பேச்சு. வயிறு வாய்க்கவில்லை என்பது மற்றொரு பேச்சு. மகவில்லாத கணவன் மனைவியை ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு ஆடவர்க்கு ஒப்பிட்டு நகைக்கின்றனர். ஓமிரிமா என்னும் கிழவி எனெபெரியின் தாயிடம் வந்து சொல்லும் சொற்கள், தீங்கு செய்யும் நோக்கத்தைக் காட்டிக்கொள்ளாமலே தீங்கு செய்கின்றன. இறுதியில் அலரே குற்றச்சாட்டாகி, கணவன் வாயில் புகுந்து, ஒரு மணவாழ்வை முறிக்கிறது. பேச்சை நீக்கிவிட்டால் இந்நாவலில் காரணமும் இல்லை, காரியமும் இல்லை.

பேச்சு தீங்கு மட்டுமே செய்வதுமன்று. முதற்கணவனின் சிற்றன்னை அஜானுப்பு வாய்த்துடுக்கு மிக்கவள். கடன் தண்டுவதில் கறாரானவள். ஆயினும் மகப்பேற்றின்போதும், குழந்தை நோயின்போதும், இறப்பின்போதும் எஃபுருவுக்குத் துணை நின்றவள் அவளே. உறவு முறிந்த பின்னரும், எஃபுருவின்மீது பழி சுமத்திய எனெபெரியின் முகத்துக்கு நேரே உண்மையை உரைக்கிறாள். அவன் அவளை அறைய, அவள் உலக்கையால் அவன் மண்டையை உடைக்கிறாள். நாவல் முழுவதும் சொல்லாலேயே போரிட்ட பெண்கள் நடுவே இந்த ஓர் அடி வாசகர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

அழகும் அன்றாட வாழ்வும்

எஃபுருவின் அழகை ஆசிரியர் பாதாதிகேசம் வருணித்துக் காட்டவில்லை. பிறர் அவளைக் கண்டு சொல்வதினின்றே அது பெரிதும் புலனாகிறது. அவ்வழகோடு சேர்த்து ஆசிரியர் வைப்பது கற்பனை நயத்தை அன்று, கணக்கறிவை. என்ன பொருளை எங்கே வாங்கி எங்கே விற்பது, யாருக்குக் கடன் கொடுப்பது, திருப்பித் தராதவரிடம் எவ்வளவு பொறுப்பது என்பவை அவள் அறிந்தவை. கடன்பட்ட நுவோசுவின் மகள் ஓகியா அவள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து, அங்கேயே வளர்கிறாள். வறியோர்க்கு மருத்துவம் பார்க்க எஃபுரு வழி செய்கிறாள். அழகு, செல்வம், ஈகை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த ஒருத்தியையும், பிள்ளை ஒன்று இல்லாமையால் ஊர் குறைபட்டவளாகவே காண்கிறது. நாவலின் நெருக்கடி இதுவே.

கணவனுக்காகக் காத்திருத்தலைப் பெருமையெனக் கருதவும் எஃபுரு உடன்படவில்லை. அவள் மாமியார் ஒஸ்சாய், விட்டுச் சென்ற கணவனுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து முதுமையுற்றவள். அத்துயர் அவளுக்கு அணியாக இருக்கலாம். தனக்கு அது வேண்டா என்பது எஃபுருவின் முடிவு. மாமியாரை அவள் இகழவில்லை. அன்போடு மதித்தவாறே அவள் வழியை மறுக்கிறாள்.

நம்பிக்கை

ஓகுட்டா ஏரியின் தேவதைக்கு ஊஹாமிரி என்றும் ஒக்புயிதே என்றும் பெயர். ஆற்றுத் தேவனாகிய கணவனோடு பிணங்கி வாழ்பவள் என்பது கதை. எஃபுருவின் கனவுகளில் அவள் தோன்றுகிறாள். குறிசொல்வோன், தேவதை இவளைத் தன் அடியவளாகத் தேர்ந்தெடுத்தாள் என்கிறான். அதன்பின் தேவதைக்குரிய ஓரியே நாளில் எஃபுரு வெள்ளாடை உடுத்து நோன்பு காக்கிறாள். அன்று கணவனோடு கூடுவதில்லை. ஆசிரியர் இந்நம்பிக்கையை ஏளனம் செய்யவும் இல்லை, மெய்யென்று நிறுவ முயலவும் இல்லை. ஆனால் அது செய்யும் பணியைத் தெளிவாகக் காட்டுகிறார். நேற்றுவரை மலடி எனப்பட்டவள் இன்று தேவதையால் தேர்ந்தெடுக்கப்பட்டவள். குறை என்று ஊர் சொன்னதையே அடையாளமாக மாற்றித் தருகிறது அந்நம்பிக்கை.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. ஓகுட்டாவில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் சபின் ஜெல்-பால்சன், அவ்வூரார் ஏரித் தேவதையை மகப்பேறு அருள்பவளாகவும் வணங்குவதைக் குறித்துள்ளார். எனவே செல்வமும் அழகும் தந்து பிள்ளையை மட்டும் தராத ஊஹாமிரி, ஊர் வழக்கை அப்படியே பெயர்த்தெழுதிய படிவம் அல்லள். நாவலாசிரியர் தம் நோக்கத்துக்கேற்ப வடித்துக்கொண்ட தெய்வம். ‘எஃபுரு’ ஊர் வழக்கங்களின் தொகுப்பேயன்றிக் கலையாக்கம் அன்று என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதனினும் வலிய மறுமொழி வேண்டா.

குறைகள்

இந்நாவலில் குறையே இல்லை என்பது நடுநிலை ஆகாது. ஆங்கில நடை பல இடங்களில் தட்டையாக உள்ளது. கால ஓட்டம் சில இடங்களில் தெளிவுறவில்லை. எனெபெரியின் வீழ்ச்சி விரைந்து முடிக்கப்பட்டுள்ளது. இவற்றினும் பெரிய வினா ஒன்று உண்டு. மணமான பின் எஃபுருவுக்குப் பெண்ணுறுப்புச் சிதைப்புச் சடங்கு நடைபெறுகிறது. அதன் வலியை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆயின் அச்சடங்கை எவரும் வினவுவதாகவும் காட்டவில்லை. பிற வழக்குகளை எல்லாம் தன் அறிவால் நிறுத்துப் பார்க்கும் தலைவி இதனை மட்டும் வாளா ஏற்பது இன்றைய வாசகரை உறுத்தவே செய்யும்.

ஆனால் சொல்லாமற் சொல்லும் திறமும் இவ்வாசிரியர்க்கு உண்டு. எஃபுருவின் தந்தை இறந்தபோது பீரங்கி முழங்குகிறது. பெருமகன் ஒருவன் மறைந்தான் என்பது அம்முழக்கத்தின் பொருள். அதனோடு, அப்பீரங்கிகள் அக்குடும்பத்துக்கு வந்த வழியையும் ஆசிரியர் சொல்லிவிடுகிறார்: அவன் முன்னோர் வெள்ளையரோடு அடிமை வாணிகம் செய்தவர்கள். எஃபுரு மீண்டும் மீண்டும் புகலடையும் தந்தை வீட்டின் பெருமைக்கு அடியில் கிடக்கும் இவ்விருளைச் சில சொற்களில் காட்டி அகன்றுவிடுவது தேர்ந்த கை.

இறுதி வினா

நாவல் தீர்ப்போடு முடியவில்லை, வினாவோடு முடிகிறது. எஃபுரு அயர்ந்து உறங்குகிறாள்; கனவில் ஏரித் தேவதை தன் செல்வத்தோடும் அழகோடும் தோன்றுகிறாள். தாய்மையின்பம் அறியாத, பிள்ளை தராத இத்தெய்வத்தைப் பெண்கள் ஏன் வணங்குகின்றனர் என்ற கேள்வி எழுகிறது. அவ்வளவில் நூல் நின்றுவிடுகிறது. விடையை எஃபுருவின் வாழ்வே முன்னர் உரைத்துவிட்டது எனக் கொள்வோரும் உண்டு; அவ்வினாவில் ஏக்கமே மேலோங்கி நிற்கிறது என்போரும் உண்டு. இரண்டுக்கும் நூலில் இடம் இருக்கிறது. பிள்ளையின்மை எஃபுருவுக்கு வலிக்கவில்லை என்று ஆசிரியர் பொய் சொல்லவில்லை. வலித்தும் அவள் வாழ்வு முழுமையற்றதன்று என்பதே அவர் கண்ட உண்மை.

இவ்வினா அடுத்த தலைமுறையைச் சும்மா விடவில்லை. மற்றொரு நைஜீரியப் பெண் நாவலாசிரியர் புச்சி எமெச்செட்டா, இந்த இறுதிப் பகுதியிலிருந்தே ஒரு தொடரை எடுத்து, 1979-இல் வெளிவந்த தம் நாவலுக்குப் பெயராகச் சூட்டினார். ‘தாய்மையின் இன்பங்கள்’ என்பது அதன் பொருள். அந்நாவலின் தலைவி நுனு ஏகோ பல பிள்ளைகளைப் பெற்றும் சாலையோரத்தில் துணையின்றி இறக்கிறாள். பிள்ளையில்லாத எஃபுரு ஊரால் இழிக்கப்பட்டாள். பிள்ளைகள் நிறைந்த நுனு ஏகோ கைவிடப்பட்டாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு, பெண்ணின் நிறைவைப் பிள்ளையால் மட்டும் அளக்கும் கோலே வளைந்தது என்பது விளங்கும்.

உள்நாட்டுப் போர் 1970-இல் முடிந்த பின் நுவாப்பா மாநில அமைச்சுப் பொறுப்பேற்றுப் பணிபுரிந்தார், பின்னர்த் தாமே பதிப்பகம் நிறுவிச் சிறுவர் நூல்களும் வெளியிட்டார், 1993-இல் மறைந்தார். அவர் எழுதிய பிற நூல்களில் கட்டமைப்பு மிக்கவை இருக்கலாம். ஆயினும் சந்தைக்குப் போகும் பெண்கள் வழியில் பேசிச் செல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதுவும் நாவலுக்குரிய பொருளே எனத் துணிந்து எழுதியவர் என்ற பெருமையை அவர்க்குத் தந்தது ‘எஃபுரு’வே.