காகத்தின் மேல் ஏற்றிய பழி

நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலிலிருந்து இரண்டு பறவைகள் பறந்தன என்று யூதர்களின் வேதத் தொகுதியாகிய எபிரேய மறை கூறுகிறது. ஒலிவ இலையைக் கொணர்ந்த புறா உலகமெங்கும் அமைதியின் சின்னமாயிற்று. அதற்கு முன்னரே அனுப்பப்பட்ட காகமோ, சொன்ன வேலையை மறந்து பிணத்தின் மேல் அமர்ந்துவிட்ட நன்றிகெட்ட தூதன் என்னும் பெயரைச் சுமந்து நிற்கிறது. காலந்தாழ்த்தும் மனிதனை நூஹின் காகத்தினும் தாமதமானவன் என்று பழிப்பது அரபு மக்களின் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஹிஜ்ரி 255-இல் (கி.பி. 869) மறைந்த பேரறிஞர் ஜாஹிள் தம்முடைய 'கிதாபுல் ஹயவான்' என்னும் நூலில் இக்காகத்தின் கதையைப் பலவிடங்களில் பேசுகிறார்.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து பிறந்தது? மூல நூல் அதனைத் தாங்குகிறதா? எபிரேய மறையில் காகம் வரும் இடங்களை ஒருங்கே வைத்து நோக்கி, நம் திருமறையின் ஒளியிலும் அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முந்திய வேதத்தாரின் செய்திகளை மெய்ப்பிக்கவோ பொய்ப்பிக்கவோ நாம் முற்படவில்லை. ஒரு நூலின் சொல்லை அதன் சொல்லாகவே படிக்கும் முயற்சி இது.

ஆதியாகமத்தின் 8-ஆம் அதிகாரத்தில் காகத்தைப் பற்றி உள்ளது ஒரே ஒரு வசனம். நூஹ் அதனை வெளியே விட்டார். நீர் வற்றும்வரை அது போவதும் திரும்புவதுமாக இருந்தது என்பதே எபிரேய மூலத்தின் பொருள். நீர் குறைந்ததா என்று பார்த்துவரும் பணி, அடுத்த வசனத்தில் வரும் புறாவுக்குத்தான் சொல்லப்படுகிறது. காகத்துக்கு எந்தப் பணியும் சொல்லப்படவில்லை. ஆகவே, பணியில் தவறியது என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

ஆனால், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் இரண்டு காரியங்களைச் செய்தனர். நீர் குறைந்ததா என்று காண்பதற்காகவே காகம் அனுப்பப்பட்டது என ஒரு பணியைச் சேர்த்தனர். அது திரும்பவில்லை என ஓர் எதிர்மறையையும் சேர்த்தனர். கி.பி. 400-ஐ ஒட்டி வேதத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் என்பாரும் அந்த எதிர்மறையைத் தம் பெயர்ப்பில் எழுதினார். 'இல்லை' என்னும் ஒரு சிறு சொல் ஒரு பறவையின் குலத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது! தமிழில் வழங்கும் பைபிள் இவ்விடத்தில் எபிரேயத்தையே பின்பற்றி, போக்கையும் வரவையும் காத்திருப்பது பாராட்டத்தக்கது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. புறா மூன்று முறை அனுப்பப்பட்டது. முதன்முறை வெறுங்கையோடு திரும்பியது. இரண்டாம் முறை இலையோடு வந்தது. மூன்றாம் முறை அது திரும்பவேயில்லை. அதை எவரும் நன்றிகேடு என்று சொல்லவில்லை. நிலம் காய்ந்தது என்னும் நற்செய்தியாகவே கொண்டனர். செயல் ஒன்றாக இருக்க, செய்தவரின் நிறத்துக்கேற்பத் தீர்ப்பு மட்டும் மாறியதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

பாபிலோனிய மண்ணில் தோன்றிய கில்கமேஷ் காவியத்தின் 11-ஆம் களிமண் பலகையிலும் ஒரு பெருவெள்ளக் கதை உண்டு. அங்கே புறாவும் தகைவிலானும் இறங்க இடமின்றித் திரும்புகின்றன. இறுதியில் விடப்பட்ட காகம் உணவைக் கண்டு திரும்பாமல் தங்குகிறது. அந்தத் திரும்பாமையே கப்பலில் இருந்தோருக்கு மகிழ்ச்சிச் செய்தியாகிறது. அக்கதையில் காகமே வெற்றி பெற்ற தூதன். பறவையின் இயல்பில் மாற்றம் எதுவுமில்லை; கதை சொல்வோரின் பார்வைதான் மாறியிருக்கிறது.

யூத அறிஞர்களுக்கும் இந்த அநீதி உறுத்தியிருக்கிறது. பாபிலோனியத் தல்மூதில், நூஹை நோக்கிக் காகமே வழக்காடுவதாக ஒரு செய்தி வருகிறது. தூய பறவைகள் ஏழேழாகவும் என் இனம் இரண்டாகவும் கப்பலில் இருக்க, குறைவாக உள்ள இனத்தையா ஆபத்துக்கு அனுப்புகிறீர்? வெப்பமோ குளிரோ தாக்கி நான் மடிந்தால் உலகில் ஓர் இனமே இல்லாமற் போகாதா? இவ்வாறு அது கேட்டதாம். தல்மூது இதனை மறுமொழி சொல்ல முடியாத கேள்வி என்றே குறிக்கிறது. உண்ணவும் ஆகாத, பலியிடவும் ஆகாத இப்பறவையால் உலகுக்கு என்ன பயன் என்று நூஹ் எண்ணினார் என்றும், பிற்காலத்தில் அதன் தேவை வரும், அதனைச் சேர்த்துக்கொள் என்று இறைவன் கட்டளையிட்டான் என்றும் ஆதியாகமத்தின் பழைய விரிவுரையாகிய 'பெரேஷித் ரப்பா' கூறுகிறது.

அந்தத் தேவை எப்பொழுது வந்தது? இல்யாஸ் நபி (அலை) அவர்களின் காலத்தில் என்பதே அவ்விரிவுரை தரும் விடை. எபிரேய மறையின் 'முதலாம் இராஜாக்கள்' 17-ஆம் அதிகாரத்தில், ஆகாப் என்னும் அரசன் காலத்தில் வறட்சி சூழ்ந்தபோது, எலியா எனப்படும் அந்நபி யோர்தானுக்குக் கிழக்கே கேரீத் என்னும் ஓடையருகே மறைந்திருந்தார். காலையிலும் மாலையிலும் காகங்கள் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. உண்ணத்தகாத பறவைகளின் பட்டியலில் காகத்தை அதன் எல்லா இனங்களோடும் சேர்த்து வைத்த அதே மறை, ஒரு நபியின் உணவை அதன் அலகில் வைக்கிறது!

இது பலருக்குப் பொருந்தாமற் போயிற்று. காகம் என்று பெயர் கொண்ட மனிதர்களாக இருக்கலாமோ, அப்பெயருள்ள ஊராராக இருக்கலாமோ என்று தல்மூதிலேயே வினா எழுந்துள்ளது. உயிர்க்குறியின்றி எழுதும் எபிரேய எழுத்தில் 'காகங்கள்' என்பதும் 'அரபியர்' என்பதும் ஒரே வடிவில் அமையும். ஆதலின், நபிக்கு உணவளித்தோர் அரபியரே என்று கொண்டவர்களும் உண்டு. நம் இனத்தவரல்லாத அரபு மக்களுக்கு அது பெருமையாகலாம். எனினும் அவ்விளக்கத்தை நாம் ஏற்கத் தயங்குகிறோம். எவரும் மதியாத ஒன்றைக்கொண்டு மதிக்கத்தக்க பணியை முடிக்கும் இறைவல்லமையைக் காட்டுவதே அக்கதையின் உயிர். காகத்தை நீக்கினால் அவ்வுயிர் போய்விடும்.

அதே உயிர் வேறு இடங்களிலும் துடிக்கிறது. அய்யூப் நபி (அலை) அவர்களின் பெயரால் உள்ள ஆகமத்தில், சிங்கத்துக்கு இரை தேடித் தருபவர் யார் என்று கேட்ட மறுகணமே, குஞ்சுகள் கதறும் காகத்துக்கு உணவளிப்பவர் யார் என்னும் கேள்வி எழுகிறது. விலங்கரசனையும் இகழப்பட்ட பறவையையும் ஒரே வரிசையில் நிறுத்தும் அமைப்பு அது. சங்கீதம் 147-உம் காகக் குஞ்சுகளின் கூக்குரலுக்கு இறைவன் செவிசாய்ப்பதைப் பாடுகிறது. காலையில் ஒட்டிய வயிற்றோடு சென்று மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைகளை எடுத்துக்காட்டி, தவக்குலின் இலக்கணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை இங்கு நினையாதிருக்க முடியாது.

எபிரேய மறையில் காகத்துக்கு இருண்ட முகம் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஏசாயாவின் நூலில் பாழான ஏதோம் நாட்டில் குடியேறுவது காகம். தந்தையை எள்ளும் கண்ணைக் கொத்துவது காகம் என்கிறது நீதிமொழிகள். ஆயினும் உன்னதப்பாட்டின் 5-ஆம் அதிகாரத்தில் தலைவனுடைய சுருண்ட கூந்தலுக்கு உவமையாக வருவதும் காகத்தின் கருமையே. ஒரே பறவை பாழுக்கும் அழகுக்கும், தண்டனைக்கும் அருளுக்கும் அடையாளமாகிறது. ஒரு பறவைக்கு ஒரு பொருள் என்று அகராதி வகுப்போர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

இனி நம் திருமறைக்கு வருவோம். ஆதமின் மக்கள் இருவருள் ஒருவர் மற்றவரைக் கொன்ற வரலாற்றை எபிரேய மறையும் கூறுகிறது. ஆனால் அங்கே காகம் இல்லை. 'அல்மாயிதா' அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்திலேதான் காகம் வருகிறது. மண்ணைக் கிளறிக் காட்டி, சகோதரனின் உடலை மறைக்கும் வகையைக் கொலைஞனுக்குக் கற்பிக்கிறது. அக்காகத்தை அனுப்பியதைக் குறிக்க அல்லாஹ் ஆளும் சொல் 'பஅஸ' என்பது. நபிமார்களை அனுப்பியதைக் குறிக்கவும் திருமறை இச்சொல்லையே ஆள்கிறது. காகம் நபியென்பது பொருளன்று. ஆயினும் அதன் வருகை தற்செயலானதன்று, இறைவனால் ஏவப்பட்டது என்பதை அச்சொல் உறுதி செய்கிறது.

1833-இல் ஆபிரகாம் கைகர் என்னும் யூத அறிஞர், இச்செய்தி யூத மரபிலிருந்து பெறப்பட்டது என்று எழுதினார். அவர் காட்டிய சான்று 'பிர்கே ரப்பி எலியேசர்' என்னும் நூல். அந்நூல் கி.பி. 8-ஆம் நூற்றாண்டினது என்பதே இன்று ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. அதாவது திருமறைக்குப் பிற்பட்டது. பிந்தியதைக் காட்டி முந்தியது அதனிடம் கடன் வாங்கிற்று என்பது எந்தக் கணக்கில் சேரும்? மேலும், அந்நூலில் காகத்திடம் பாடம் கற்பவர் துயருற்ற தந்தை ஆதம். திருமறையிலோ கற்பவன் கொன்றவனே. இந்தக் காகத்தைப் போலக்கூட இருக்க இயலாதவனாகி விட்டேனே என்று அவன் தன்னையே நொந்துகொள்வதில்தான் அவ்வசனத்தின் கூர்மை இருக்கிறது. மனிதன் தன்னைக் காகத்தோடு ஒப்பிட்டுத் தான் தாழ்ந்ததை உணரும் இடம் அது. தந்தையிடம் அப்பாடம் சென்றால் இரக்கம் பிறக்கும். கொலைஞனிடம் வந்தால்தான் வெட்கம் பிறக்கும்.

அக்காகம் மற்றொரு காகத்தைக் கொன்று புதைத்தது என்று விரிவுரையாளர் பலர் எழுதினர். திருமறையின் சொல்லில் உள்ளது மண்ணைக் கிளறியது மட்டுமே. இரையை மண்ணில் மறைத்து வைப்பது காகக் குலத்தின் அறியப்பட்ட வழக்கம். ஆகவே அந்த ஒரு சொல்லே போதுமானது. பறவையின் தலையிலும் ஒரு கொலையை ஏற்றவேண்டிய அவசியமில்லை.

அறியாமைக் கால அரபியர் காகத்தின் குரலைப் பிரிவின் அறிகுறியாகக் கொண்டனர். 'குராபுல் பைன்', பிரிவின் காகம், என்று அதற்குப் பெயரிட்டனர். 'குராப்' என்னும் காகத்தின் பெயரிலிருந்தே அந்நியனைக் குறிக்கும் 'கரீப்', நாடு துறத்தலைக் குறிக்கும் 'குர்பத்' ஆகிய சொற்களை அவர்கள் அமைத்தனர் என்கிறார் ஜாஹிள். தமிழிலோ, காகம் கரைந்தால் விருந்து வரும் என்பர். அக்குரலைப் பாடியதாலேயே குறுந்தொகைப் புலவர் நச்செள்ளையார் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார். ஒரே குரல் அங்கே பிரிவு, இங்கே வரவு! சகுனம் பார்த்தல் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) விலக்கியதன் நியாயம் இதனால் இன்னும் தெளிவாகிறது. தீங்கிழைக்கும் உயிர்களுள் ஒன்றாகக் காகத்தையும் எண்ணிய நபிமொழி உண்டே என்று கேட்கலாம். அது, பருந்து, தேள், எலி, கடிநாய் ஆகியவற்றோடு சேர்த்து, அதன் செயலால் வரும் கேடு பற்றிய சட்டம். நிறத்துக்கோ குரலுக்கோ அது தீர்ப்பு வழங்கவில்லை.

காகத்தின் மேல் ஏற்றிய பழி காகத்தோடு நிற்பதில்லை. இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. கறுப்புத் தாயரின் வயிற்றில் பிறந்த அன்தரா, குஃபாஃப், சுலைக் முதலிய அரபுக் கவிஞர்களை 'அக்ரிபத்துல் அரப்', அதாவது அரபியரின் காகங்கள் என்று அழைத்தனர். எத்தனை பெரிய கவிஞராயினும் காகமே! நபித்தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழித்தபோது, உம்மிடம் அறியாமைக் காலக் குணம் இருக்கிறதே என்று நாயகம் (ஸல்) கண்டித்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அக்குணம் நம் இல்லங்களை விட்டு முற்றும் அகன்றுவிட்டதா? தொழுகையையும் ஒழுக்கத்தையும் கேட்பதற்கு முன் பெண்ணின் நிறத்தைக் கேட்கும் மணப்பேச்சுகள் நம்மிடையே நடக்கவில்லையா? கறுத்த பிள்ளையைக் காக்கை என்று விளையாட்டாகக் கூப்பிட்டு, அப்பிள்ளையின் நெஞ்சில் ஆறாத வடுவை உண்டாக்கும் உறவினர் நம் குடும்பங்களில் இல்லையா?

'ஃபாத்திர்' அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் மலைகளின் வெண்மையையும் செம்மையையும் எண்ணிய பின், கன்னங்கருமையைக் குறிக்க 'கராபீப்' என்னும் சொல்லை ஆள்கிறது. காகத்தைக் குறிக்கும் 'குராப்' என்னும் சொல்லோடு உறவுடையது அது. அடுத்த வசனம், மனிதரிலும் உயிரினங்களிலும் அவ்வாறே நிறங்கள் வேறுபட்டுள்ளன என்று கூறி, அடியார்களுள் அறிவுடையோரே அல்லாஹ்வை அஞ்சுகின்றனர் என்று உரைக்கிறது. காகத்தின் கருமையும் அவனுடைய அத்தாட்சிகளின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அதனை இழிவின் பட்டியலில் எழுதும் உரிமை நமக்கு ஏது?