திரும்ப அழைக்கும் சீட்டு: யாருடைய மொழி?

மார்பகப் பரிசோதனைக்குப் பின் ஒரு பெண்ணை மீண்டும் வரச்சொல்லி அனுப்பும் சீட்டும் ஒரு பிரதிதான். அதிகாரத்தின் பிரதி. கவிதைக்குத் தரும் கவனத்தை அதற்கு நாம் தந்ததில்லை. 'மேல்பரிசோதனைக்குத் தவறாது ஆஜராகவும்' என்ற தொனியில் ஒரு தாள் வந்தால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வரும் பெண் அதை எப்படி வாசிப்பாள்? 'கேன்சர்னு முடிவு பண்ணிட்டாங்க' என்று. அல்லது, 'ஒருநாள் கூலி போகும்' என்று மடித்து வைத்துவிடுவாள்.

'பயப்பட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதுமா? அதுவும் உத்தரவுதானே. பயத்தைத் தணிப்பது தகவல். பிரிட்டனில் 1988இல் தொடங்கிய மேமோகிராம் திட்டத்தில் நூறு பேரில் சுமார் 4 பேர் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அந்த நால்வரில் ஏறத்தாழ ஒருவருக்கே புற்றுநோய். ஆனால் இந்தக் கணக்கை இங்கே மொழிபெயர்த்து ஒட்டிவிட முடியாது. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்குச் சொல்வது, 5 ஆண்டுக்கொருமுறை கையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. முறை வேறு; கணக்கும் வேறு. திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை பேரை அழைத்தோம், அவர்களில் எத்தனை பேருக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிச் சொல்லாதவரை நாம் தருவது இரவல் ஆறுதல்.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களின் கைப்பரிசோதனையால், 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. தொட்டுப் பார்த்ததோடு இது நடந்துவிடாது. சந்தேகம் என்றால் அடுத்த சோதனைக்கு அவள் வந்தாக வேண்டும். சீட்டு அவளை மிரட்டி விரட்டினால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது.

சீட்டை யார் பிரிக்கிறார்கள் என்பதும் அரசியல்தான். கணவன் பிரிக்கலாம், மாமியார் பிரிக்கலாம். ஆந்திர எல்லையில் தெலுங்கு பேசுபவளுக்கும், வேலைக்கு வந்த ஒடியாக்காரிக்கும் தமிழ்த்தாள் மட்டும் என்ன சொல்லும்?

அதில் இருக்க வேண்டியது இவ்வளவே: 'தொட்டுப் பார்த்ததில் ஒரு இடத்தைச் சரியாகப் பார்க்கணும். இப்படியான கட்டிகள் பெரும்பாலும் புற்று இல்லை; ஆனா பார்க்காம விடக்கூடாது. ஸ்கேன் எடுப்பாங்க.' பிறகு நாள், இடம், எவ்வளவு நேரமாகும், துணைக்கு யாரைக் கூட்டிவரலாம், சந்தேகம் கேட்க ஒரு ஆளின் பெயர். இந்தப் பத்து வரியை எழுதுவதும் எழுத்தாளர் வேலைதான்.